உங்கள் கணினி தாங்குமா? – வகுப்பறை மென்பொருளின் 60 ஆண்டுக் கதை



இப்போதெல்லாம் பருவத் தொடக்கத்தில் புத்தகப் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் வருகிறது. "மாணவர்கள் கீழ்க்கண்ட வசதிகள் தங்கள் கணினியில் உள்ளனவா என்று சரிபார்த்துக்கொள்ளவும்" என்று ஆரம்பித்து, இத்தனை ஜிபி ரேம், இன்ன பிராசசர், இன்ன பிரவுசர், கேமரா, மைக், இன்ன வேகத்தில் இணையம் என்று வரிசையாகப் போகும். கடைசியில் ஒரு சுட்டி. அதைத் தட்டினால் ஒரு பக்கம் திறந்து நம் கணினியைச் சோதித்துவிட்டு, பச்சை டிக்கோ சிவப்புப் பெருக்கல் குறியோ போடும். பச்சை விழுந்தவர்கள் வகுப்புக்குள் போகலாம். சிவப்பு விழுந்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்காது.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது. மேகக் கணிமை என்றால் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? "வேலையெல்லாம் எங்கோ இருக்கும் பெரிய கணினியில் நடக்கும், உங்கள் கையில் இருப்பது வெறும் ஜன்னல்தான்" என்றார்கள். வெறும் ஜன்னலுக்கு எதற்கு 8 ஜிபி ரேம்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் கதை 1960 வரை நீள்கிறது. வணிகவியல் படிக்கிறவன் கணினி வரலாறு எழுதலாமா என்று கேட்காதீர்கள். படிக்கப் படிக்க இது ஒரு கணக்கு வழக்குதான் என்று தோன்றிவிட்டது :-)

ஜன்னல் மட்டும் போதும் என்ற காலம்

1964 மே 1, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் உருவாக்கிய பேசிக் மொழி முதன்முதலாக ஓடியது. பேசிக் என்றதும் நமக்கு மொழிதான் ஞாபகம் வரும். ஆனால் அன்று அங்கே ஓடத் தொடங்கிய இன்னொன்று அதைவிடப் பெரிது. ஒரே கணினியைப் பல மாணவர்கள் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. நேரப்பகிர்வு என்று அதற்குப் பெயர்.

அதற்கு முன்னால் கணினி வேண்டுமென்றால் நிரலை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வர மணிக்கணக்கில் ஆகும், சில இடங்களில் நாள் கணக்கில் கூட. நூலகத்தில் அலமாரிக்குப் போய் நாமே புத்தகம் எடுப்பதுபோல, கணினியும் மாணவனுக்குத் திறந்து கிடக்க வேண்டும் என்பது கெமனியின் கொள்கை. மாணவன் முன்னால் வைத்தது டெலிடைப் என்ற தட்டச்சு எந்திரம். திரை கிடையாது, காகிதம்தான். நொடிக்கு 10 எழுத்து அடிக்கும்.

அந்த டெலிடைப்புக்கு யோசிக்கத் தெரியாது. கணக்குப் போடத் தெரியாது. மாணவன் தட்டியதை அனுப்பும், வந்ததை அச்சடிக்கும், அவ்வளவுதான். ஆகவே "உன் எந்திரம் தாங்குமா?" என்று மாணவனை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, ஏனென்றால் எந்திரம் அவனுடையது இல்லை, கல்லூரியுடையது! தாங்குமா என்ற கேள்வி முழுக்க முழுக்க கணினி அறையில் இருந்த பெரிய எந்திரத்தைப் பற்றியது. எத்தனை பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அது திணறும் என்பதுதான் கவலை.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதற்கும் இதுதான் அச்சாணி.

பிளேட்டோ

கிரேக்கத் தத்துவ ஞானி இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்ற பொறியாளர் 1960-ல் தொடங்கிய கணினிவழிக் கல்வித் திட்டத்தின் பெயர் பிளேட்டோ. முதலில் ஒரே ஒரு மாணவர் உட்கார முடிந்தது. கருவி என்று பார்த்தால் ஒரு தொலைக்காட்சித் திரையும் கொஞ்சம் விசைகளும்தான். அடுத்த ஆண்டு இரண்டு பேர். பிறகு இருபது பேர். 1972-ல் வந்த நான்காம் தலைமுறை பிளேட்டோதான் நம் கதைக்கு முக்கியம். இல்லினாயில் இருந்த மையக் கணினியோடு 1975 வாக்கில் ஏறக்குறைய 150 இடங்கள் தொலைபேசிக் கம்பி வழியாக இணைந்திருந்தன. பாடம், தேர்வு, அரட்டை, விவாதப் பலகை, விளையாட்டு எல்லாமே அதில் இருந்தன. மேகவழி வகுப்பறை என்று நாம் இன்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான பாட்டன் கிடைக்க மாட்டான்.

இங்கேதான் சுவாரசியமான கணக்கு ஒன்று வருகிறது. தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு மாணவரின் முனையத்துக்கு நொடிக்கு 1200 பிட் மட்டுமே அனுப்ப முடிந்தது. முனையத்தின் திரையோ 512-க்கு 512 புள்ளி. பெருக்கினால் 2,62,144 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று ஒரு படத்தை அப்படியே அனுப்பினால் 218 நொடி ஆகும். மூன்றரை நிமிடத்துக்கும் மேல்! பாடத்தில் அடுத்த பக்கம் போக மூன்றரை நிமிடம் காத்திருந்தால் மாணவன் தூங்கியே விடுவான்.

சரி, முனையத்துக்குள்ளேயே நினைவகம் வைத்துப் படத்தைச் சேமித்துக்கொள்ளலாமே என்றால், அன்றைக்கு நினைவகத்தின் விலை கையைச் சுடும். சாதாரணத் தொலைக்காட்சிக் குழாயில் படம் நிற்க வேண்டுமானால் நொடிக்குப் பலமுறை மறுபடி மறுபடி வரைந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்குப் படம் எங்காவது நினைவில் இருந்தாக வேண்டும்.

பிட்சர் குழு இதற்குக் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? பிளாஸ்மா திரை! 1964-லேயே பிட்சரும் ஜீன் ஸ்லாட்டோவும் ராபர்ட் வில்சன் என்ற மாணவரும் சேர்ந்து உருவாக்கியது. அந்தத் திரையில் ஒரு புள்ளியை ஒருமுறை ஏற்றிவிட்டால், அணைக்கச் சொல்லும் வரை அது எரிந்துகொண்டே இருக்கும். அதாவது திரையே தனக்கு நினைவகம். பிற்காலத்தில் நம் வீடுகளில் சுவரில் தொங்கிய பிளாஸ்மா டிவிக்கு மூதாதை, விலை மலிவான மாணவர் முனையம் செய்யப் போய்க் கிடைத்த பொருள்தான்.

அதோடு நிற்கவில்லை. கம்பியில் புள்ளி புள்ளியாக அனுப்பாமல், "இந்த எழுத்தைப் போடு", "இங்கிருந்து அங்கே கோடு இழு" என்று கட்டளையாக அனுப்பினார்கள். எழுத்தின் வடிவம் முனையத்துக்கே தெரியும். அதனால் அதே 1200 பிட்டில் நொடிக்கு 180 எழுத்து வந்து விழுந்தது. ரஷ்யன் போன்ற வேறு எழுத்துகள் வேண்டுமென்றால், பாடம் தொடங்கும்போது வடிவங்களை மட்டும் ஒருமுறை இறக்கிக்கொள்ளலாம். 126 எழுத்துகளுக்கு அதற்கென்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். புகைப்படம் வேண்டுமென்றால்? 256 படங்கள் கொண்ட ஒரு சிறு பிலிம் தாளை முனையத்துக்குள்ளேயே செருகி வைத்து, பின்னாலிருந்து திரையில் காட்டினார்கள். கம்பி தாங்காததை முன்கூட்டியே மாணவன் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினாலும் பிளேட்டோ கம்பி வழியாக வரக்கூடியது 540 கிலோபைட். நம் செல்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பெரியது. அந்த 540 கிலோபைட்டுக்குள் ஒரு வகுப்பையே நடத்தியிருக்கிறார்கள்.

இதில் நான் கவனித்தது ஒன்று. "கம்பி இவ்வளவுதான் தாங்கும்" என்ற கணக்கை முதலில் போட்டுவிட்டு, அதற்கேற்றபடி மென்பொருளையும் திரையையும் செய்தார்கள். சோதனை முதலில், தயாரிப்பு பின்னால்.

கணினி மேசைக்கு வந்த காலம்

1977-ல் ஆப்பிள் 2 வந்தது. மின்னசோட்டா மாநிலத்தில் மெக் என்ற அரசு சார்ந்த கல்விக் கணினிக் கூட்டமைப்பு இருந்தது. 1973-ல் தொடங்கப்பட்ட இது, முதலில் டார்ட்மத் பாணியில் மாநிலப் பள்ளிகளுக்கெல்லாம் நேரப்பகிர்வு கொடுத்து வந்தது. 1978-ல் அதே மெக் ஆப்பிள் நிறுவனத்திடம் 500 கணினிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. கணக்கு லேசானது. மையக் கணினிக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் மாதாமாதம் பணம் கட்டுவதா, ஒரே தடவை பெட்டியை வாங்கிப் போட்டுவிடுவதா?

எங்கள் பாடத்தில் சொன்னால், வருவாயினச் செலவு முதலினச் செலவாக மாறியது. அதோடு முதலினச் செலவின் கூடப்பிறந்த தம்பியும் வந்து சேர்ந்தான். அவன் பெயர் தேய்மானம். மையக் கணினியை மாற்றினால் எல்லா மாணவருக்கும் ஒரே நாளில் புதுக் கணினி கிடைத்த மாதிரி. மேசைக் கணினி அப்படியில்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிழடாகும். ஒரே அறையில் புதியது நாலு, பழையது பத்து என்று கலந்து கிடக்கும். மென்பொருள் பெட்டியின் மேல் "இத்தனை கே நினைவகம் தேவை" என்று அச்சடிக்கும் வழக்கம் பரவியது இந்தக் காலத்தில்தான். உன் கணினி தாங்குமா என்ற கேள்வி மாணவன் பக்கம் திரும்பிய இடம் இது.

இந்தியாவில் 1984-ல் கிளாஸ் என்ற திட்டத்தின்கீழ் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. 32 கே நினைவகம். எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரிக் கணினி என்பதால் ஒத்துப்போகுமா என்ற குழப்பம் இல்லை. ஒரே மாதிரி வாங்கினால் சோதனை சுலபம், ஆனால் கிழடாகும்போது எல்லாம் சேர்ந்தே கிழடாகும். எது நல்லது என்று இன்றுவரை முடிவாகவில்லை.

ஒட்டுவில்லை பேசிய பொய்

ஒரு கணினியைப் பார்த்து "இது தாங்கும்" என்று சான்றிதழ் கொடுப்பது யார்? அதில் அவர்களுக்கு என்ன லாபம்? இதற்கு நல்ல உதாரணம் 2006-ல் கிடைத்தது.

விண்டோஸ் விஸ்டா வருவதற்கு முன்பே, கடைகளில் விற்ற கணினிகளில் "விஸ்டாவுக்கு ஏற்றது" என்று ஒரு ஒட்டுவில்லையை ஒட்டினார்கள். விஸ்டா வருகிறது என்று மக்கள் காத்திருந்தால் அந்த ஆண்டு விற்பனை படுத்துவிடும் அல்லவா? வாங்கிய பலருக்குப் பின்னால்தான் தெரிந்தது, அந்தக் கணினிகளில் பலவற்றில் விஸ்டாவின் அடிப்படைப் பதிப்பு மட்டுமே ஓடும், விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி ஜன்னல் அழகெல்லாம் வராது என்று. 2007-ல் வழக்குப் போட்டார்கள். வழக்கில் வெளிவந்த உள் மடல்களில், மைக்ரோசாஃப்டின் துணைத் தலைவர் ஒருவரே தான் 2,100 டாலர் கொடுத்து வாங்கிய கணினி மின்னஞ்சல் பார்க்க மட்டும்தான் ஆகிறது என்று நொந்துகொண்டிருந்தார்! 2008-ல் இதைக் கூட்டு வழக்காக ஏற்ற நீதிமன்றம், 2009-ல் அந்தத் தகுதியை நீக்கிவிட்டது. வழக்கு அதோடு வலுவிழந்துபோனது.

"ஓடும்" என்பதற்கும் "உருப்படியாக வேலை செய்ய உதவும்" என்பதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் என்பதற்கு இந்த ஒட்டுவில்லையே சாட்சி. குறைந்தபட்சத் தேவை என்று போடுவது பெரும்பாலும் முதலாவதைத்தான் சொல்கிறது. மாணவனுக்கு வேண்டியது இரண்டாவது.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 2011 அக்டோபர் 5 அன்று ஆகாஷ் டேப்லட்டை மத்திய அரசு வெளியிட்டது. விலை சுமார் 50 டாலர், உலகமே திரும்பிப் பார்த்தது. உள்ளே 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி நினைவகம், அழுத்தித் தொட்டால்தான் வேலை செய்யும் திரை. விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த விலைக்குள் என்ன அடங்குமோ அதைச் செய்திருந்தார்கள். பயன்படுத்திய மாணவர்கள் மெதுவாக இருக்கிறது என்றார்கள். எந்த அளவுகோலில் சோதிப்பது என்பதிலேயே பொறுப்பில் இருந்த ஐஐடி ராஜஸ்தானுக்கும் தயாரித்த நிறுவனத்துக்கும் தகராறு வந்து, பொறுப்பு ஐஐடி பம்பாய்க்கு மாறியது. 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2-ல் 512 எம்பி நினைவகமும் நல்ல தொடுதிரையும் இருந்தன. ஆனால் முதல் வருடத்தில் போன பெயர் போனதுதான்.

மறுபடியும் ஜன்னல்

1995-ல் ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன் ஒரு யோசனை சொன்னார். வீட்டுக்கு வீடு பெரிய கணினி எதற்கு? 500 டாலரில் ஒரு சின்னப் பெட்டி போதும், மென்பொருள் எல்லாம் வலையமைப்பில் இருக்கட்டும் என்றார். கேட்க பிளேட்டோ மாதிரியே இருக்கிறது அல்லவா? ஆனால் ஓடவில்லை. அன்றைக்கு வீட்டு மோடத்தின் வேகம் 28.8 கிலோபிட். பிளேட்டோவின் 1200 பிட்டைவிட 24 மடங்கு அதிகம்தான். ஆனால் அனுப்ப நினைத்த பொருளின் எடை அதைவிடப் பல மடங்கு கூடிவிட்டிருந்தது. போதாததற்கு, சாதாரணக் கணினியின் விலையும் சரிந்துகொண்டே வந்தது.

அதே யோசனை 2011 ஜூனில் குரோம்புக் என்ற பெயரில் திரும்பி வந்து ஜெயித்தது. 2 ஜிபி ரேம், பிரவுசர் மட்டுமே உலகம். 2014 ஆகஸ்டில் கூகுள் கிளாஸ்ரூம் வெளியானது. அமெரிக்கப் பள்ளிகள் வாங்கும் கருவிகளில் பாதிக்கு மேல் குரோம்புக் என்ற நிலை சில ஆண்டுகளில் வந்துவிட்டது.

ஆனால் இந்த ஜன்னல் டெலிடைப் போன்ற ஜன்னல் இல்லை. இங்கேதான் என் பழைய சந்தேகத்துக்கு விடை கிடைத்தது. இன்றைய இணையப் பக்கம் என்பது வெறும் எழுத்து இல்லை, அது ஒரு நிரல். அது நம் கணினிக்கு இறங்கி, நம் பிராசசரில், நம் ரேமில்தான் ஓடுகிறது. 30 பேர் முகம் தெரியும் வகுப்பில் வரும் காணொளியை விரித்துக் காட்டுவதும், நம் கேமராவின் படத்தைச் சுருக்கி அனுப்புவதும் நம் கணினியின் வேலை. கோப்புகள் இருப்பது மேகத்தில். வியர்வை சிந்துவது நம் மேசையில்!

தேய்மானமும் மறையவில்லை, வேஷம் மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு குரோம்புக்குக்கும் புதுப்பிப்பு நிற்கும் தேதி ஒன்று உண்டு. கருவி நன்றாக ஓடினாலும் அந்தத் தேதிக்குப் பிறகு பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது. நல்ல கருவிகள் குப்பைக்குப் போகின்றன என்று அமெரிக்காவில் நுகர்வோர் அமைப்பினர் சத்தம் போட்ட பிறகு, 2023 செப்டம்பரில் கூகுள் அந்தக் காலத்தைப் பத்து ஆண்டாக நீட்டித்தது.

விண்டோஸ் பக்கமும் அதே கதை. 2021 ஜூனில் விண்டோஸ் 11 அறிவித்தபோது, நம் கணினி தாங்குமா என்று பார்க்க ஒரு சோதனைக் கருவியையும் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. அது ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய கணினியைக்கூட "ஓடாது" என்று சொன்னது, ஏன் என்று சொல்லவில்லை! எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்று, காரணம் சொல்லும்படி திருத்தி செப்டம்பரில் மறுபடி வெளியிட்டார்கள். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபோது, 11-க்குப் போக முடியாத பழைய கணினிகளின் சொந்தக்காரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களில் மாணவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்த லேப்டாப்புக்கு ஊரில் பஞ்சமா என்ன?

2020

2020 மார்ச்சில் கல்லூரிக் கதவுகள் மூடியபோது 60 ஆண்டுக் கதை முழுவதும் ஒரே வாரத்தில் நம் வீட்டுக்குள் வந்து விழுந்தது. அதற்கு முந்தைய தேசிய மாதிரி ஆய்வு, 2017-18ஆம் ஆண்டுக்கானது, என்ன சொன்னது தெரியுமா? இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி இருந்தது 4.4 சதவீதத்திடம். நகரத்தில் 23.4 சதவீதம். அதாவது "உங்கள் கணினி தாங்குமா?" என்று கேட்பதற்கு முன்னால் "உங்களிடம் கணினி இருக்கிறதா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் வேறு. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எத்தனையோ வீடுகளில் முதல் கணினி நுழைந்திருந்தது. திட்டத்தைப் பற்றி யார் என்ன கேலி பேசினாலும், அந்த வருடம் அதன் அருமை தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 2019-ல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. தொலைக்காட்சிக்கு 8 ஜிபி ரேம் தேவையில்லை, டேட்டா ரீசார்ஜும் தேவையில்லை. பிளேட்டோ முதன்முதலில் காட்டியதும் ஒரு தொலைக்காட்சித் திரையில்தான் என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அடுத்தது முக்கியம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா தருவதாக மாநில அரசு அறிவித்தது. ஏறத்தாழ 9.69 லட்சம் மாணவர்களுக்கு. ஏன் 2 ஜிபி? கணக்குப் போடுவோம். காணொளி வகுப்பு நொடிக்கு 1 மெகாபிட் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிக்கு 450 எம்பி. நான்கு மணி நேர வகுப்புக்கு 1.8 ஜிபி. கச்சிதமாக ஒரு நாள் வகுப்பு! அன்றைக்கு வகுப்பின் பாரம் பிராசசரில் மட்டும் இல்லை, பாதி பாரம் சிம் கார்டில் இருந்தது என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரி.

அந்தச் சலுகை நான்கு மாதம். மேகவழி மென்பொருளோ வகுப்பைவிட்டுப் போகவில்லை. ஒப்படைப்பு, வருகைப் பதிவு, சிறு தேர்வு எல்லாம் அதிலேயே தங்கிவிட்டன. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லட்டோ வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்ததற்கும் இதுதான் பின்னணி.

பேரேட்டைத் திறந்து பார்த்தால்

இப்போது கணக்குக்கு வருவோம். இரட்டைப் பதிவு முறையில் முதல் பாடமே, ஒரு பக்கம் பற்று வைத்தால் இன்னொரு பக்கம் வரவு இருந்தே ஆக வேண்டும் என்பதுதான். வகுப்பறை மென்பொருளின் பாரமும் அப்படித்தான். அது மறைவதில்லை. மையம், கம்பி, மேசை என்ற மூன்று கணக்குகளுக்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. டார்ட்மத்தில் முழுக்க மையத்தில் இருந்தது. ஆப்பிள் காலத்தில் முழுக்க மேசைக்கு வந்தது. இன்று மூன்றிலும் பரவிக் கிடக்கிறது.

யார் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான் மாறிப்போனது. டெலிடைப் கல்லூரியின் சொத்து. பிளேட்டோ முனையத்தை மாணவன் வாங்கவில்லை. மெக் வாங்கிய 500 ஆப்பிளும் பொதுப்பணம். மூன்று கணக்குகளும் நிறுவனத்தின் பேரேட்டில்தான் இருந்தன. அதனால் பாரத்தை இங்கிருந்து அங்கே மாற்றும்போது நிறுவனமே யோசித்து மாற்றியது. இப்போது மேசையும் கம்பியும் மாணவன் வீட்டுச் செலவு. கல்லூரி கணினி ஆய்வகத்துக்குச் செய்யவேண்டிய செலவு குறைகிறது, அதே செலவு ஒரு ஆட்டோ ஓட்டுநர் வீட்டிலோ ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளி வீட்டிலோ மாதத் தவணையாக முளைக்கிறது. இரண்டு பேரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாததால், மென்பொருள் மலிவு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் தேர்வன்று மாட்டிக்கொள்வதைவிட முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. நீங்களும் சோதியுங்கள், ஆனால் ஒழுங்காகச் சோதியுங்கள்.

1. மொத்த ரேமைப் பார்க்காதீர்கள். மற்ற எல்லாம் ஓடும்போது மீதி எவ்வளவு என்று பாருங்கள்.

2. இணைய வேகத்தை நள்ளிரவில் சோதித்துப் பயனில்லை. வகுப்பு நடக்கும் அதே நேரத்தில், வீட்டில் உட்காரும் அதே இடத்தில் சோதியுங்கள். பதிவிறக்க வேகம் மட்டும் போதாது, பதிவேற்ற வேகமும் முக்கியம். உங்கள் குரல் போவது அந்த வழியில்தான்.

3. ஒரு நிமிடச் சோதனையில் பச்சை விழுந்த லேப்டாப் ஒரு மணி நேரத்தில் சூடாகித் திணறலாம். ஒரு முழு வகுப்பு நேரத்துக்கு ஓடவிட்டுப் பாருங்கள், சார்ஜர் இல்லாமலும் ஒருமுறை.

4. இயங்குதளத்துக்கும் பிரவுசருக்கும் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா என்று பாருங்கள். வன்பொருள் நன்றாக இருந்தும் சிவப்பு விழுவதற்குப் பல சமயம் இதுதான் காரணம். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் பிரவுசர் வேலைகள் பலவும் ஓடிவிடும். ஆனால் தேர்வுக் கண்காணிப்பு மென்பொருள் அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. லேப்டாப் காலை வாரினால் செல்பேசியில் அதே வேலையைச் செய்ய முடியுமா என்று ஒருமுறை செய்து பாருங்கள். "முடியும்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

இதெல்லாம் மாணவன் பக்கம். கல்லூரிப் பக்கம் ஒரே ஒரு சோதனைதான் நான் கேட்பது. மென்பொருளை வாங்கிய பிறகு மாணவர்களின் கணினியைச் சோதிக்காமல், வாங்குவதற்கு முன்னால் சோதியுங்கள். வகுப்பிலேயே மோசமான கணினி எது, மோசமான சிக்னல் எந்த ஊரில் என்று முதலில் கணக்கெடுங்கள். அதில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஓடவில்லை என்றால், சிவப்பு விழுந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் ஆய்வகத்தில் இடம் ஒதுக்குங்கள், அல்லது கருவியை இரவல் கொடுங்கள். நூலகத்தில் புத்தகம் இரவல் தருவதில்லையா? கெமனி கேட்டதும் அந்த நூலகத்தைத்தானே.

நொடிக்கு 1200 பிட் என்ற கம்பியை வைத்துக்கொண்டு 1972-ல் பிட்சர் குழு "கம்பி சரியில்லாதவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளவும்" என்று அறிவிப்பு ஒட்டவில்லை. அந்தக் கம்பிக்குள் அடங்குகிற மாதிரி ஒரு வகுப்பறையைச் செய்து காட்டினார்கள். அவர்களைவிட ஆயிரம் மடங்கு வேகமான கம்பி நம்மிடம் இருக்கிறது. கடைசி பெஞ்சில் இருப்பவனின் லேப்டாப்பில் ஓடுகிற மாதிரி ஒரு மென்பொருள் செய்ய இது போதாதா?